மதில் திருப்பணியும் மன்னர் மானியமும்

(அறநிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பண்டைத் தமிழ் மன்னர்கள் செய்த மதில் திருப்பணிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று குழுவினர் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் கோட்டை மதிலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு நம் திருப்பணிக் குழு இரண்டு வேலைகளை உங்கள் முன் வைத்திருக்கிறது. ஒன்று, கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவது. மற்றொன்று, கோயிலுக்குப் பின்னால் மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரைச் சீர்செய்வது. கோபுர வண்ணத்துக்கு உபயதாரர்கள் முன்வந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். சுவருக்கான பட்டியலில் இன்னும் பெரும்பகுதி காலியாகவே இருக்கிறது. "சுவருக்குக் கொடுத்தால் யார் கண்ணில் படப் போகிறது?" என்று ஓர் அன்பர் வேடிக்கையாகக் கேட்டாராம். அவர் கேட்டதில் தவறில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசர்களும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கண்ட விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

மதிலுக்குள் ஓர் ஊர்

இடைக்காலத் தமிழகத்தில் கோயிலும் ஊரும் பல இடங்களில் ஒரே மதிலுக்குள் இருந்தன. இதற்குச் சிறந்த சான்று திருவரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவில் ஏழு திருச்சுற்றுகளோடு பள்ளி கொண்டிருக்கிறார் அரங்கநாதர். உள்ளே இருப்பவை சந்நிதிகளும் மண்டபங்களும். வெளிச்சுற்றுகளிலோ உத்தர வீதி, சித்திரை வீதி என்று வீடுகளும் கடைகளும் மடங்களும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அந்த மதில் கோயில் மதிலாகவும் இருக்கிறது, ஊர் மதிலாகவும் இருக்கிறது.

அந்த ஏழு சுற்றுகளுக்கும் கோயிலொழுகு என்னும் திருவரங்க வரலாற்று ஏடு ஏழு பெயர்கள் சொல்கிறது. உள்ளிருந்து வெளியே வரும்போது தர்மவர்மன், ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன். இவற்றில் அகளங்கன் என்பது 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட விக்கிரம சோழனின் சிறப்புப் பெயர். ஆலிநாடன் என்பவர் திருமங்கை ஆழ்வார். அவரும் ஆலிநாட்டுக்கு அரசராக இருந்தவர்தான். மதில் கட்டிச் செல்லும் வழியில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் பூந்தோட்டம் குறுக்கே வந்ததாம். மதிலுக்காகத் தோட்டத்தை அழிக்காமல், தோட்டத்துக்காக மதிலை ஒதுக்கிக் கட்டினார் திருமங்கை மன்னன் என்று மரபு சொல்கிறது. பெருமாளுக்குத் துளசி கட்டிக் கொடுக்கும் ஒருவரின் உழைப்புக்கு அரசர் கொடுத்த மரியாதை அது. தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த நமக்கு இந்தக் கதை மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே புரியும்.

அரசர் பணம் எப்படி வந்தது?

மன்னர் மானியம் என்றவுடன், கருவூலத்தைத் திறந்து பொற்காசுகளை அள்ளிக் கொடுத்தார் என்றுதான் நம் மனத்தில் படம் ஓடும். அப்படியும் கொடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் திருவரங்க விமானத்துக்குப் பொன் வேய்ந்தான். ஆனால் கல்வெட்டுகளைப் படிக்கும்போது, மிகப் பெரும்பாலான தானங்கள் வேறு வகையில் அமைந்திருப்பதைக் காண்கிறோம். இன்று கொடுத்து இன்றே செலவழியும் தானம் குறைவு. முதல் அழியாமல், அதன் வருவாய் மட்டும் செலவாகும் தானமே மிகுதி.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக் கொள்வோம். 1010இல் நிறைவு பெற்ற அந்தக் கோயிலில் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர், முதலாம் இராஜராஜனின் ஆணைப்படி அவனுடைய சேனாபதி கிருஷ்ணன் இராமன். அந்தக் கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றைப் பெற்றுக் கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி பிறந்து எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். காசாகக் கொடுத்தால், அந்தக் காசை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்றுக் கொண்டு ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தின. நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் அப்படியே இருக்கும், வட்டியில் பூசை நடக்கும்.

விளக்குக்கும் பூசைக்கும் இப்படி. மதிலுக்கு? இங்கேதான் நம் முன்னோர்களின் நுண்ணறிவை நான் வியக்கிறேன். ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி நிலம் ஒதுக்கி, அந்த நிலத்துக்குத் தனித்தனிப் பெயரும் வைத்தார்கள். விளக்குக்கு விட்ட நிலம் திருவிளக்குப்புறம். பூந்தோட்டத்துக்கு விட்டது திருநந்தவனப்புறம். மடத்துக்கு விட்டது மடப்புறம். பழுது பார்ப்பதற்கென்றே விட்ட நிலத்துக்குப் 'புதுக்குப்புறம்' என்று பெயர். புதுக்குதல் என்றால் பழையதைப் புதுப்பித்தல். வடமொழிச் செப்பேடுகளில் இதே கருத்தைக் 'கண்டஸ்புடிதம்' என்ற தொடரால் குறிப்பிடுவார்கள். உடைந்ததும் விரிசல் விட்டதும் என்று பொருள்.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கட்டடம் புதிதாக நிற்கும்போதே, இது ஒருநாள் உடையும், விரிசல் விடும் என்று ஒப்புக்கொண்டு அதற்கும் நிலம் எழுதி வைத்தார்கள். நாம் கும்பாபிஷேகம் முடிந்த அன்று, இனிமேல் ஒரு குறையும் வராது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறோம். பன்னிரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம்.

மகமை என்னும் மதில் வரி

நிலம் ஒருவழி. மற்றொரு வழி வரி உரிமை. விஜயநகர ஆட்சிக் காலத்துக் கல்வெட்டுகளில் கோட்டைப் பணம், கோட்டை மகமை என்ற வரிகளின் பெயர்கள் வருகின்றன. கோட்டைக் கொத்தளங்களைப் பேணுவதற்காக மக்களிடம் பெற்ற பங்கு அது. 'மகமை' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. மலாயாவுக்கு வந்த நகரத்தார் தங்கள் வணிகத்தில் ஒரு பகுதியை மகமை என்று ஒதுக்கித்தான் ஊருக்கு ஊர் தண்டாயுதபாணி கோயில்களை எழுப்பினார்கள், இன்றும் அவை சிறப்பாக நடைபெற்று வருகின்றன. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், வரும்போதெல்லாம் ஒரு சிறு பங்கை எடுத்து வைப்பதே மகமை.

இது தமிழர்கள் மட்டும் கண்ட வழி என்று நினைத்து விடாதீர்கள். இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்திலிருந்து 'மியூரேஜ்' என்ற ஒரு தீர்வை பரவலாக வந்தது. மதில் தீர்வை என்று நாம் சொல்லலாம். ஒரு நகரத்தார் தங்கள் மதிலைக் கட்டவோ பழுது பார்க்கவோ உதவி வேண்டும் என்று அரசரிடம் விண்ணப்பித்தால், அரசர் பெரும்பாலும் ரொக்கம் கொடுப்பதில்லை. ஊருக்குள் விற்பனைக்கு வரும் சரக்குகளின் மீது இவ்வளவு வசூலித்துக் கொள்ளலாம் என்று ஓர் ஆணைப் பத்திரம் கொடுப்பார். அதற்கும் இத்தனை ஆண்டு என்று கெடு உண்டு. வசூலித்த பணம் மதிலுக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது என்று முறையீடு வந்தால் கணக்கைத் தணிக்கை செய்யவும் ஆணையிடுவார். அரசரின் கொடை அங்கே அனுமதியாக வந்தது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் உண்மையில் காசு கொடுத்தவர்கள் சந்தைக்கு வந்த வியாபாரிகளும், அவர்களிடம் வாங்கிய மக்களும்தான்.

ஆக, கிழக்கிலும் மேற்கிலும் ஒரே பாடம். மதிலுக்கு அரசர் வழி செய்து கொடுத்தார், மக்கள் தொடர்ந்து கொடுத்தார்கள்.

அரசர் போனபின்

சரி, அரசர் ஒருவரையே நம்பி நின்ற மதில்கள் என்ன ஆயின?

முதலாம் இராஜேந்திரன் கங்கை வரை சென்ற வெற்றிக்கு அடையாளமாக எழுப்பிய தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். இரண்டரை நூற்றாண்டு காலம் சோழப் பேரரசின் தலைநகரம் அதுதான். சோழர் ஆட்சி 13ஆம் நூற்றாண்டில் முடிந்தது. அரண்மனை மண்மேடானது. கோயிலைச் சுற்றிக் கோட்டை போல நின்ற கருங்கல் மதில் மட்டும் பல நூற்றாண்டு தாக்குப் பிடித்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கல் தேவைப்பட்டதால் அந்த மதிலைப் பிரித்து எடுத்துக் கொண்டு போனார்கள். அதற்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தருவதாக ஊர் மக்களுக்கு வாக்குக் கொடுத்ததாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கோயிலுக்குள் இருந்த சாமியை ஊரார் விடவில்லை. ஆனால் மதிலைக் காக்க அவர்களால் முடியவில்லை.

அடுத்தது மதுரை. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் மதிலுக்கு வெளியே 72 கொத்தளங்களுடன் புதுக் கோட்டை எழுப்பினார். கொத்தளம் ஒன்றுக்குப் பாளையக்காரர் ஒருவர் பொறுப்பு என்று ஏற்பாடு. மிகச் சிறந்த ஏற்பாடுதான். ஆனால் நாயக்கர் ஆட்சி போயிற்று, பாளையங்களும் போயின. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன், ஊர் விரிவடைவதற்காகக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தை வழங்கும் திட்டத்தைக் கொண்டு வந்தார். மதில் வேகமாகத் தரைமட்டமாயிற்று. இன்று மதுரையில் நீங்கள் நடக்கும் வெளி வீதிகள் அந்த அகழியும் மதிலும் இருந்த தடம். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்களைத்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் தாங்கி நிற்கின்றன. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கொத்தளம் மட்டும் மிச்சம்.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'கோத்தா' என்று மலாய் மொழியில் சொல்கிறோமே, அது நம் கோட்டை என்ற சொல்லுக்கு உறவுச் சொல். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் அங்கே எழுப்பிய கோட்டைதான் அ ஃபமோசா. 1641இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி அதைப் பழுது பார்த்தார்கள். 1807இல் ஆங்கிலேயர்கள், வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக் கொள்ளும் அந்த ஒற்றை வாசல் மட்டும் தப்பியது. அந்த வாசலின் மேல் பொறித்திருக்கும் ஆண்டைக் கவனித்திருக்கிறீர்களா? 1511 அல்ல, 1670. கட்டிய ஆண்டைச் சொல்லவில்லை அந்தக் கல். டச்சுக்காரர்கள் சீர்செய்த ஆண்டைத்தான் சொல்கிறது. பழுது பார்ப்பவனுக்குப் பெயர் கிடைப்பதில்லை என்று நினைக்கும் அன்பர்கள் அடுத்தமுறை மலாக்கா போகும்போது அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அரங்கம் ஏன் நிற்கிறது?

கங்கைகொண்ட சோழபுரத்து மதில் போயிற்று, மதுரைக் கோட்டை போயிற்று. திருவரங்கத்து மதில்கள் மட்டும் ஏன் நிற்கின்றன? அங்கும் ஆபத்துக்குக் குறைவில்லை. 1311இல் ஒரு படையெடுப்பு, 1323இல் அதைவிடக் கொடிய மற்றொன்று. அன்று அந்த உயர்ந்த மதில்கள் படையைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெருமாளைக் காப்பாற்றியவர்கள் அடியார்கள். முதுமையிலும் உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்து கொண்டு தெற்கே புறப்பட்டார் பிள்ளை லோகாசாரியர். மூலவரின் சந்நிதியைக் கல்திரை இட்டு அடியார்கள் மறைத்தார்கள் என்று மரபு கூறுகிறது. பேரரசர்கள் எழுப்பிய மதில்களால் ஆகாததை, அவசரத்தில் எழுந்த அந்தச் சிறு சுவர் செய்தது.

48 ஆண்டுகளுக்குப் பிறகு, 1371இல், விஜயநகர இளவரசர் கம்பணரின் அதிகாரி கோபணாரியர் பெருமாளைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். அதற்குப் பின் சீரமைப்பு தொடங்கியது. திருவரங்கத்து உத்தம நம்பி குடும்பத்தார் விஜயநகர அரசவைக்குச் சென்று கோயிலுக்குக் கிராமங்களைப் பெற்று வந்தார்கள். அரசர் தாமாக வந்து கொடுப்பார் என்று காத்திருக்கவில்லை, போய்க் கேட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் அங்கே பல திருப்பணிகளைச் செய்து, ஆட்சியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அரங்கத்திலேயே தங்கினார். 1751, 1752 ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை அந்த மதில்களுக்குள் புகுந்து தங்கி, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதையும் ஊர் தாங்கிக் கொண்டது.

அரைகுறையாக நின்றுபோன தெற்கு ராஜகோபுரத்தை அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் சுவாமிகள் முன்னின்று 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுப்பி, 1987இல் குடமுழுக்கு நடத்தி வைத்தார். அப்போது எந்த மன்னரும் இல்லை. அரசாங்கங்களும் கொடுத்தன, செல்வர்களும் கொடுத்தார்கள், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பக்தர்களும் கொடுத்தார்கள்.

2015இல் குடமுழுக்கு கண்ட திருப்பணியில் வேறொரு வேலை நடந்தது. பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய தேவையற்ற சுவர்களை அகற்றினார்கள். அடைபட்டுக் கிடந்த பழைய மழைநீர் வழிகளைத் திறந்து விட்டார்கள். இந்தத் திருப்பணிக்குத்தான் 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. புதிதாக ஒன்றைக் கட்டியதற்காக அல்ல, அடைப்பை எடுத்ததற்கும் பழுதை நீக்கியதற்கும் கிடைத்த உலக விருது!

அதோடு முடிந்ததா? 2023 ஆகஸ்டு மாதம் ஒருநாள் பின்னிரவில் அதே திருவரங்கத்தில் கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ்நிலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அரங்கன் அருளால் யாருக்கும் காயமில்லை. மறுபடியும் சாரம் கட்டினார்கள். பழுது பார்க்கும் வேலைக்கு முடிவே கிடையாது என்பதை அரங்கமே நமக்குச் சொல்லிக் காட்டுகிறது. அந்த மதில்களுக்குள் ஊர் குடியிருக்கிறது. ஒரு கல் பெயர்ந்தால் பார்ப்பதற்குக் கண்கள் இருக்கின்றன, கேட்பதற்கு வாய் இருக்கிறது. அரசவம்சங்கள் மாறினாலும் அந்த ஊர் மாறவில்லை. அதனால்தான் அந்த மதில் நிற்கிறது.

நம் மலைக் கோயில்கள்

இனி நம் கதைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தை அளந்து எழுதினார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது, பிறகு மற்றத் தோட்டங்களும் வந்தன. காட்டை வெட்டி, சரிவில் தேயிலை நட்டு, பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை வைத்து மாரியம்மா என்றும் முனியாண்டி என்றும் கும்பிடத் தொடங்கியவர்களும் அவர்களே. அன்றைக்கு அவர்களுக்கு அரசர் என்றால் துரைதான். கோயிலுக்கு இடம் வேண்டும் என்றால் கிராணியாரும் கங்காணியும் போய்த் துரையிடம் கேட்பார்கள். மரம் வேண்டும், தகரம் வேண்டும், திருவிழாவுக்கு லாரி வேண்டும், எல்லாம் துரையின் தயவு. நல்ல துரைமார்கள் கொடுத்தார்கள், அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் துரையும் அரசரைப் போலத்தான். ஒருநாள் ஊருக்குப் போய்விடுவார். நிர்வாகம் மாறும், தோட்டம் கைமாறும், புதியவருக்கு அந்தப் பழைய வாக்கு தெரியாது. இந்த நாட்டில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அங்கிருந்த கோயில்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். எங்கே ஊர் மக்கள் மாதச் சம்பளத்தில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கோயிலுக்குப் பிடித்தம் கொடுத்துக் கணக்கு வைத்து, முறையாகப் பதிவும் செய்து கொண்டார்களோ, அங்கே பேசுவதற்கு ஒரு பிடிமானம் இருந்தது. அந்த ஒரு வெள்ளிதான் நம் மகமை. நம் பெரியவர்கள் கல்வெட்டுப் படித்ததில்லை. ஆனால் புதுக்குப்புறத்தின் பொருளை வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

சுவரும் தண்ணீரும்

இப்போது நம் கோயிலின் பின்சுவரைப் பற்றிச் சொல்கிறேன். கோட்டை மதில் எதிரியைத் தடுக்க நின்றது. நம் சுவர் மலையைத் தடுத்து நிற்கிறது. மலையும் எதிரியல்ல, அதன் மேல்தான் பிழைக்கிறோம். ஆனால் மழை பெய்து மண்ணில் ஊறும்போது அதன் கனம் கூடுகிறது. ஊறிய நீருக்குப் போக வழியில்லை என்றால் அது சுவரை முன்னே தள்ளும். அதற்காகத்தான் சுவரின் கீழ்ப்பகுதியில் நீர் வடியும் துளைகளை வைக்கிறார்கள். நம் சுவரிலும் வைத்தார்கள். அவற்றில் பல இன்று சேற்றாலும் வேராலும் அடைபட்டுவிட்டன. மேலே மழைநீரைத் திருப்பிவிடும் கால்வாயில் தேயிலைச் சருகும் மண்ணும் சேர்ந்து கிடக்கின்றன. சுவரின் நடுவில் வயிறு தள்ளியது போல ஒரு புடைப்பு தெரிகிறது. ஒரு மூலையில் ஆல மரக்கன்று வேர் விட்டிருக்கிறது. பழைய கோயில் மதில்களைக் கெடுப்பவையும் இதே இரண்டுதான். விரிசலில் இறங்கும் தண்ணீர், பறவை போடும் விதை. படையெடுப்பு எப்போதாவது வரும், இவை இரண்டும் நாள்தோறும் வரும்.

2013, 2014 ஆண்டுகளில் ரிங்லெட், பெர்த்தாம் வேலிப் பகுதிகளில் வெள்ளமும் மண்சரிவும் உயிர்களைக் கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. நம் சுவருக்கு நேர் கீழே என்ன இருக்கிறது? மடைப்பள்ளி இருக்கிறது. சனிக்கிழமை தோறும் பிள்ளைகள் தேவாரம் படிக்கும் கூடம் இருக்கிறது. கோபுரத்தின் வண்ணம் ஓராண்டு தாமதமானால் முருகப் பெருமான் கோபித்துக் கொள்ள மாட்டார். அந்தக் கூடத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று நேர்ந்தால் நாம் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

என் வேண்டுகோள்

ஆகவே அறங்காவலர் குழுவின் முன்னும் உங்கள் முன்னும் நான் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, சுவர் வேலை முதலில் நடக்கட்டும், வண்ணம் பிறகு வரட்டும். வண்ணத்துக்குப் பெயர் கொடுத்த உபயதாரர்கள் மனமுவந்து இசைந்தால், அவர்கள் கொடுத்ததில் ஒரு பகுதியைச் சுவருக்குத் திருப்பலாம். அவர்களைக் கேட்காமல் திருப்பக் கூடாது. கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்கே செலவிட வேண்டும் என்பது கல்வெட்டு அறம். மேலும், சுவரைத் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். புடைப்பின் மேல் சிமெண்டைப் பூசி மறைப்பது பழுது பார்ப்பதாகாது.

இரண்டாவது, இனி நம் அறநிலையத்துக்கு வரும் பொது நன்கொடை ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்கை, சோழர் கால அரைக்கால் கணக்கில், தனியாக எடுத்து வைப்போம். அதற்குப் 'புதுக்குப்புறம்' என்றே பெயரிடுவோம். முதலைத் தொடாமல் அதன் வருவாயைப் பழுது வேலைக்கு மட்டும் செலவிடுவோம். சோழர் காலத்து வட்டி இன்று எந்த வங்கியிலும் கிடைக்காது. அதனால் முதல் வளர வேண்டும், அதற்கு மகமை வேண்டும். குடும்பத்துக்கு மாதம் ஐந்து வெள்ளி. முடிந்தவர் கூடக் கொடுக்கலாம், முடியாதவர் ஒரு நாள் மண்வெட்டியோடு வந்து கால்வாயைத் தூர் வாரிக் கொடுக்கலாம். அதுவும் மகமைதான், அதற்கும் ரசீது போடுவோம்.

மூன்றாவது, இந்த நிதியின் வரவு செலவு ஆண்டுதோறும் இந்த மலரில் அச்சாகட்டும். அன்று கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். யார் கொடுத்தார், எவ்வளவு, எதற்கு, யார் பொறுப்பு என்று போவோர் வருவோர் எல்லாம் படிக்கும்படி கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். நமக்குக் கல் வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

முடிப்பதற்கு முன் ஒரு செய்தி. பழைய தானக் கல்வெட்டுகளின் கடைசியில் ஒரு வேண்டுதல் அடிக்கடி வரும். இந்தத் தர்மத்தை இனி வரும் காலத்தில் காப்பவர் யாரோ, அவருடைய திருவடிகள் என் தலைமேல் இருக்கட்டும் என்று கொடுத்தவர் சொல்வதாக அது அமையும். கொடுத்தவர் மன்னராக இருக்கலாம், தளபதியாக இருக்கலாம். எவ்வளவு கொடுத்தாலும், தமக்குப் பின்னால் வந்து அதைப் பழுதில்லாமல் பார்த்துக் கொள்ளப் போகும் முகம் தெரியாத ஒருவரின் காலைத் தலையில் தாங்குகிறேன் என்கிறார். சுவருக்குக் கொடுத்தால் யார் கண்ணில் படும் என்று கேட்ட அன்பருக்கு இதைவிடப் பெரிய விடை என்னிடம் இல்லை. இந்தக் கோயிலைக் கட்டிவிட்டுப் போன நம் தாத்தா பாட்டிமார்களின் வணக்கம், இன்று அதைக் காக்கும் உங்களுக்கே உரியது.

விழா முடிந்ததும் அன்னதானத்துக்குப் போகும் வழியில் இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். திருப்பணிக் குழுச் செயலாளர் அங்கே ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். சுவரைப் பார்க்க விரும்புகிறவர்களை இளைஞர் அணியினர் பின்புறம் அழைத்துச் செல்வார்கள். மழை ஈரம் இருக்கிறது, பெரியவர்கள் பார்த்து நடக்க வேண்டும்.